மாப்பிள்ளை கேக்கை எப்போது வெட்டுவது?

அலபாமாவில் என்னோடு வேலை செய்யும் நண்பருக்குக் கல்யாணம். அமெரிக்கத் தென்மாநிலங்களில் மணமகளின் வெள்ளை அடுக்குக் கேக் போக, மாப்பிள்ளைக்கென்று தனியாக ஒரு கேக் உண்டு. பெரும்பாலும் சாக்லேட். கால்பந்து, தூண்டில் என்று அவருக்குப் பிடித்த உருவத்தில் செய்வார்கள்.

அதை எப்போது பரிமாறுவது என்பதில்தான் அவர்கள் வீட்டில் ஒரு வாரமாகப் பஞ்சாயத்து. வரவேற்பில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும் என்கிறார் அவர் அம்மா. 2011-இல் இளவரசர் வில்லியம் கல்யாண வரவேற்பிலும் அப்படித்தான், பழக்கேக்கோடு அவர் கேட்ட சாக்லேட் பிஸ்கட் கேக்கும் இருந்தது.

என்னைக் கேட்டால் முந்தின நாள் இரவு, கல்யாண ஒத்திகை முடிந்ததும் நடக்கும் விருந்துதான் சரி. நெருங்கியவர்கள் மட்டும் இருப்பார்கள், நிதானமாகச் சாப்பிடலாம். மறுநாள் எல்லார் கண்ணும் வெள்ளைக் கேக் மேல்தான்.

பரிமாறாமல் துண்டு போட்டுப் பெட்டியில் கொடுத்தனுப்பும் பழைய வழக்கமும் உண்டு. கல்யாணமாகாத பெண்கள் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினால் வரப்போகிறவர் கனவில் வருவாராம். (எறும்பு வராதா?)

கடைசியில் நண்பர் என் பக்கம் சாய்ந்துவிட்டார். வெள்ளி இரவு வெட்டுகிறார்கள். அவர் அம்மா முகத்தில் எப்படி முழிக்கப்போகிறேனோ!