அனிமேஷன் ப்ராஜெக்ட்டில் ஆடியோ: எம்பி3-ஐக் கடைசியில் தொடுங்கள்

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் பக்கம் மல்டிமீடியா செய்முறைத் தேர்வுக்கு ப்ராஜெக்ட் செய்யும் பிள்ளைகள் படத்துக்கு வாரக்கணக்கில் உழைப்பார்கள். ஒலியைச் சமர்ப்பிப்பதற்கு முந்தைய இரவில் ஒட்டுவார்கள். மார்க் நழுவுவது அங்கேதான்.

ரெக்கார்டிங்கிலிருந்தே கவனம் வேண்டும். மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய் வழியே அடிக்கும் கிழக்குக் காற்று மைக்கில் ‘கும்’மென்று விழும். ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, பேசுவதற்கு முன் மூன்று வினாடி சும்மா இருங்கள். ஒலி எடிட் செய்யும் மென்பொருளான ஆடாசிட்டியில், இரைச்சலைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷனுக்கு மாதிரியாகக் கொடுக்க வேண்டியது அந்த மௌனத்தைத்தான். குறைக்கும் அளவு 12 டெசிபல் போதும். ஆசைப்பட்டு 24க்கு ஏற்றினால் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போலாகிவிடும். காற்றின் ‘கும்’முக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டர் போடுங்கள்.

ஒரு காதில் மட்டும் குரல் கேட்கிறதா? அவசரப்பட்டு மோனோவாக மிக்ஸ் செய்யாதீர்கள். ஒலியில்லாத மறுபக்கச் சானலோடு சராசரியாகி ஒலி 6 டெசிபல் இறங்கிவிடும். ஸ்டீரியோவைப் பிரித்து, ஒலியில்லாத ட்ராக்கை நீக்கிவிட்டு, மற்றதை மோனோவாக வையுங்கள்.

சாம்பிள் ரேட், அதாவது வினாடிக்கு ஒலியை எத்தனை முறை அளந்து பதிகிறோம் என்பது, 48,000 இருக்கட்டும். வினாடிக்கு 24 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேமுக்குச் சரியாக 2,000 சாம்பிள், 44,100இல் 1,837.5. அந்த அரையால் படம் கெடாது, ஆனால் வீடியோவுக்கு வழக்கம் 48,000 என்பதால் நடுவில் மாற்றும் வேலை மிச்சம்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்கக்கூடிய கணக்கு இது, சுருக்காத ஒலிக்கு: 48,000 × 16 பிட் × 2 சானல் = வினாடிக்கு 15,36,000 பிட். எட்டால் வகுத்து அறுபதால் பெருக்கினால் நிமிடத்துக்குச் சுமார் 11.5 எம்பி (மெகாபைட்). அதையே சுருக்கிய வடிவமான எம்பி3-ஆக, வினாடிக்கு 128 கிலோபிட்டில் ஆக்கினால் 0.96 எம்பி, பன்னிரண்டில் ஒரு பங்கு. ஆடாசிட்டியில் ‘கம்ப்ரஸர்’ என்றிருக்கும் எஃபெக்ட் இதைச் செய்யாது. அது உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும், ஃபைல் அளவைத் தொடாது. இரண்டையும் குழப்புவோர் நிறையப் பேர்.

அந்தப் பன்னிரண்டில் ஒரு பங்கு சும்மா வருவதில்லை. காது கவனிக்காது என்று கணித்த பகுதியை எம்பி3 வீசிவிடுகிறது, போனது திரும்பாது. எம்பி3-ஐ எடிட் செய்து மறுபடி எம்பி3 ஆக்கினால் ‘ஸ’, ‘ச’ ஒலிகள் கரகரக்கும். போதாததற்குத் தொடக்கத்தில் சில பத்து மில்லிவினாடி வெற்றிடமும் சேரும். 24 ஃப்ரேம் படத்தில் ஒரு ஃப்ரேமே 41.7 மில்லிவினாடிதான், லூப்பாக ஓடும் பின்னணி இசையில் ஒவ்வொரு சுற்றிலும் ஓர் இடறல் கேட்கும். ஆகவே வேலை முடியும்வரை சுருக்காத வேவ் ஃபைல்தான். உச்சத்தை மைனஸ் 1 டெசிபலில் நிறுத்தி, கடைசியில் ஒரே ஒரு முறை சுருக்குங்கள்: மோனோ குரலுக்கு 64 கிலோபிட், இசை கலந்த ஸ்டீரியோவுக்கு 128 அல்லது 192. பிட் ரேட் (வினாடிக்கு எத்தனை பிட் என்பது) மாறாத வகையாக இருக்கட்டும். மாறும் வகை சில எடிட்டர்களில் வாயசைவைத் தள்ளிவிடும்.

அனிமேஷன் மென்பொருளான அனிமேட்டில் குரலுக்குப் படத்தோடு சேர்ந்தே ஓடும் ‘ஸ்ட்ரீம்’, பட்டன் சத்தத்துக்குத் தனியாக ஓடும் ‘ஈவன்ட்’. குரலை ஈவன்டில் விட்டால் மெதுவான கம்ப்யூட்டரில் படம் பின்தங்கும், குரல் முன்னே ஓடும். பழைய ஃப்ளாஷ் (அனிமேட்டின் முந்தைய பெயர்) பாடத்திட்டம் உள்ள லேப்பில் பப்ளிஷ் செட்டிங்கைப் பாருங்கள்: இயல்பாக இருப்பது 16 கிலோபிட் மோனோ, டெலிபோன் தரம். முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளான பிளெண்டரில் வீடியோ ஊமையாக வந்தால், அவுட்புட்டில் ஆடியோ கோடெக் (ஒலியைச் சுருக்கும் முறை) ‘நோ ஆடியோ’ என்று நிற்கிறதா பாருங்கள். அதை ஏஏசி என்ற முறைக்கு மாற்றினால் போதும்.

பென்டிரைவில் ஏயூபி3 ஃபைலைப் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். அது ஆடாசிட்டியின் வேலைக் கோப்பு, பிளேயரில் ஓடாது. எக்ஸ்போர்ட் செய்ததை வேறொரு கம்ப்யூட்டரில், ஹெட்போனில்லாமல், சாதாரண ஸ்பீக்கரில் முழுசாக ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.