மொட்டைமாடித் தொட்டிக்கு ஒரு வைஃபை

முழங்கால் வலி வந்த பிறகும் அப்பா தினமும் காலையில் மாடியேறித் தண்ணீர்த் தொட்டிக்குள் எட்டிப் பார்ப்பதை விடவில்லை. எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று போனிலேயே தெரிந்தால் அவர் ஏற வேண்டாமே என்றுதான் ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ என்ற குட்டிக் கணினிப் பலகை ஒன்று வாங்கினேன். 65 மில்லிமீட்டர் நீளம், 30 அகலம், 512 எம்பி ரேம். சென்சார் வேலை ஒரே மதியத்தில் முடிந்தது. வைஃபைக்கு இரண்டு நாள் ஆனது. இந்தப் பலகையில் லேன் கேபிள் செருகும் இடமே கிடையாது, அதனால் வைஃபையையே நம்பினேன்.

முன்பு பை 3 வைத்திருந்தபோது செய்தது நினைவில் இருந்தது. மெமரி கார்டில் பை எழும்போது முதலில் படிக்கும் பூட் பகுதியில், வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் கொண்ட டபிள்யூபிஏ சப்ளிகன்ட் கோப்பு ஒன்றை எழுதி வைத்தால் போதும், பை எழுந்ததும் அதைப் படித்து இணைந்துவிடும். அதையே இப்போதும் செய்தேன். ரவுட்டரின் பட்டியலில் பை வரவே இல்லை. கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்து ஒரு மாலை முழுக்கப் போனது. காரணம் வேறு. 2023 அக்டோபரில் வந்த புக்வர்ம் பதிப்பிலிருந்து பையின் இயங்குதளமான ராஸ்பெர்ரி பை ஓஎஸ், இணைப்புகளைக் கவனிக்க நெட்வொர்க் மேனேஜர் என்ற மென்பொருளுக்கு மாறிவிட்டது. பூட் பகுதியில் வைக்கும் அந்தப் பழைய கோப்பை இது கண்டுகொள்வதில்லை.

மறுநாள் மினி எச்டிஎம்ஐ கேபிளும் கீபோர்டைச் செருக ஓடிஜி கேபிளும் வாங்கி வந்து, ஹாலில் இருந்த டிவியில் செருகி, கீபோர்டோடு உட்கார்ந்தேன். 'ஐபி ஏ' என்று அடித்ததில், வைஃபையைக் குறிக்கும் டபிள்யூலேன்0 இருந்தது, ஆனால் டவுன் என்றது. அடுத்து, ரேடியோ பூட்டப்பட்டிருக்கிறதா என்று காட்டும் 'ஆர்எஃப்கில் லிஸ்ட்'. அங்கேதான் பிடி கிடைத்தது: வயர்லெஸ் லேனுக்கு நேராக, 'சாஃப்ட் பிளாக்டு: யெஸ்', அதாவது மென்பொருளே பூட்டி வைத்திருக்கிறது. எந்த நாடு என்று சொல்லும்வரை பை ரேடியோவைப் பூட்டியே வைத்திருக்கும். எந்த அலைவரிசையில் எவ்வளவு சக்தியோடு பேசலாம் என்ற விதி நாட்டுக்கு நாடு மாறுகிறதே, அதனால்தான். ராஸ்பி கான்ஃபிக் என்ற அமைப்பு மெனுவில் லோக்கலைசேஷன் பகுதிக்குப் போய் நாடு இந்தியா என்று கொடுத்ததும் பூட்டு திறந்தது.

இனி எல்லாம் நெட்வொர்க் மேனேஜரோடு பேசும் என்எம்சிஎல்ஐ கட்டளைதான். 'என்எம்சிஎல்ஐ டிவைஸ் வைஃபை லிஸ்ட்' அடித்தேன். பக்கத்து வீட்டுப் பெயர்கள் வரிசையாக வந்தன, நான் தேடிய பெயர் இல்லை. போனில் நான் எப்போதும் பிடிப்பது ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர். பை ஜீரோ 2 டபிள்யூவுக்கு 2.4 மட்டுமே தெரியும். ரவுட்டரில் அணைத்து வைத்திருந்த 2.4-ஐ இயக்கியதும் எங்கள் வீட்டுப் பெயரும் பட்டியலில் வந்தது. இணைக்கும்போது கடவுச்சொல்லைக் கட்டளையோடு சேர்த்து அடிக்காதீர்கள், அடித்த கட்டளைகளைச் சேமிக்கும் ஷெல்லின் ஹிஸ்டரியில் அது அப்படியே தங்கிவிடும். ஆஸ்க் என்ற ஆப்ஷனை முன்னால் சேர்த்தால் அதுவே தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. சில நொடிகளில் ஐபி முகவரி கிடைத்தது.

அப்புறம் பெட்டியை மாடிக்கு ஏற்றினேன். தூரத்திலிருந்தே கட்டளை அடிக்க உதவும் எஸ்எஸ்எச்சில் நுழைய முடிந்தது, ஆனால் சற்று நேரம் சும்மா விட்டால் ஒவ்வொரு எழுத்தும் தாமதமாக வந்தது, சில நேரம் இணைப்பே அறுந்தது. இதற்கு இரண்டு காரணம் இருந்தது. ஒன்று தூரம்: ஹாலில் 100-க்கு 90-ஐத் தொட்ட சிக்னல் தொட்டிக்குப் பக்கத்தில் 40-க்குக் கீழே. பெட்டியை மாடிப்படி முடியும் இடத்துக்கு மாற்றி, சென்சார் வயரை மட்டும் தொட்டிவரை நீட்டினேன். இரண்டாவது, சும்மா இருக்கும்போது மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் வைஃபையின் பவர் சேவ். 'ஐடபிள்யூ' கட்டளையில் பார்த்தால் ஆன் என்றிருந்தது. என்எம்சிஎல்ஐ மூலம் அந்த இணைப்பின் பவர்சேவ் மதிப்பை 2 ஆக்கினேன். இங்கே 2 என்றால் அணை, 3 என்றால் இயக்கு. பலரும் 0 கொடுத்துவிட்டு மாறவில்லையே என்று தவிக்கிறார்கள், 0 என்பது இயல்பு நிலையை அப்படியே விடுவது.

கடைசியாக மின்வெட்டு. கரண்ட் திரும்பியதும் ரவுட்டர் முழுதாகத் தயாராகும் முன்பே பை எழுந்து இணையப் பார்க்கும். சில முறை தோற்றால் கொஞ்ச நேரம் ஒதுங்கிவிடும். ஆட்டோகனெக்ட் ரிட்ரைஸ் மதிப்பை 0 ஆக வைத்தேன், அதாவது விடாமல் முயன்றுகொண்டே இரு என்று.

சரிதானா என்று பார்க்க மெயின் சுவிட்சையே அணைத்துப் போட்டேன். மூன்று நிமிடம் ஆகியிருக்கும். ஹாலில் இருந்த அப்பா போனைப் பார்த்து, "முக்கால் தொட்டி இருக்குடா" என்றார்.