கீமேன் வீட்டு நாட்குறிப்பு

2024 நவம்பர் 12, செவ்வாய்

அப்பாவின் ரயில்வே பென்ஷனுக்கான உயிர்ச்சான்று ஒருவழியாக முடிந்தது. கைரேகை மெஷின் அப்பாவின் பத்து விரலையும் ஏற்கவில்லை. சுத்தியல் பிடித்துப் பிடித்து ரேகையெல்லாம் தேய்ந்து போய்விட்டது, கட்டைவிரல் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கிறது. கடைசியில் போனில் முகத்தைக் காட்டிச் செய்தோம். கண்ணைச் சிமிட்டச் சொல்கிறது, அப்பா சிமிட்டாமல் போனையே முறைத்துப் பார்க்கிறார். சின்னவள்தான் "தாத்தா, தூசி விழுந்துடுச்சு" என்று ஊதிவிட்டாள். பச்சை டிக் விழுந்தது.

"இன்னும் ஒரு வருஷத்துக்கு நான் உசுரோட இருக்கேன்னு எழுதிட்டாங்களா?" என்றார். ஆமாம்ப்பா என்றேன். அடுத்த கேள்வி உடனே வந்தது. "உன் பேரைச் சேத்தாச்சா?"

நவம்பர் 13

கால் வீக்கம் குறையவில்லை. அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது.

நவம்பர் 15, வெள்ளி

பேர் சேர்ப்பது பற்றி இன்றைக்கு மூன்று தடவை கேட்டார். காலையில் கஞ்சி குடிக்கும்போது, பிறகு வைகை எக்ஸ்பிரஸ் போன சத்தம் கேட்டபோது, அப்புறம் சாயங்காலம் தூக்கத்தில் பாதியில் எழுந்து. அம்மா போனபிறகு பென்ஷன் புத்தகத்தில் குடும்பம் என்ற இடம் காலியாக இருக்கிறது. கணவனை இழந்த மகளுக்குக் குடும்பப் பென்ஷன் உண்டு, ஆனால் பெற்றவர் உயிரோடு இருக்கும்போதே அவள் அந்த நிலைக்கு வந்திருக்க வேண்டும், அவரை நம்பி இருந்திருக்க வேண்டும், மாத வருமானம் 9,000 ரூபாயையும் அதற்கான பஞ்சப்படியையும் தாண்டக்கூடாது. இதையெல்லாம் அப்பா யாரிடமோ கேட்டு ஒரு பழைய காலண்டர் தாளின் பின்னால் எழுதி வைத்திருக்கிறார். நடுங்கிய எழுத்து. நான் ஜாக்கெட் தைத்துச் சம்பாதிப்பது அந்த வரம்புக்குள் வருமா என்று கூட்டிப் பார்த்திருக்கிறார், கீழே இரண்டு கோடு போட்டு "வரும்" என்று எழுதியிருக்கிறார்.

எனக்கு அந்தத் தாளைப் பார்க்கவே முடியவில்லை. நீங்கள் போனபிறகு எனக்கு என்ன கிடைக்கும் என்ற கணக்கை உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் எப்படிப்பா போடுவது? அவருக்கு அது பெரிய விஷயமாகவே தெரியவில்லை. தாசில்தார் ஆபீஸில் வாரிசுச் சான்று, என் வீட்டுக்காரருடைய இறப்புச் சான்று நகல், வருமானச் சான்று, எனக்கு ஒரு போட்டோ. "போட்டோவுல கொஞ்சம் சிரிச்ச மாதிரி இரு பாப்பா" என்கிறார்.

நவம்பர் 17, ஞாயிறு

சின்ன அத்தை பெண்ணாடத்திலிருந்து வந்திருக்கிறாள். எண்பது தாண்டியவள், தனியாகப் பஸ்ஸில். வந்ததும் கட்டிலில் அண்ணன் காலடியில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட ஆரம்பித்தவள் சாப்பாட்டுக்குத்தான் எழுந்தாள்.

தாத்தா செத்தபோது அப்பாவுக்கு மீசை அரும்பும் வயது. பின்னால் மூன்று தங்கைகள், ஒரு தம்பி. 1955-இல் ரயில்வேயில் கேங்மேனாக, தண்டவாளம் பராமரிக்கிற ஆளாகச் சேர்ந்திருக்கிறார். சம்பள நாளன்று மற்றவர்கள் எங்கெங்கோ போவார்களாம், அண்ணன் மட்டும் தண்டவாளத்து ஓரமாகவே நடந்து நேராக வீட்டுக்கு வந்து பணத்தை ஆயாவின் மடியில் போட்டுவிட்டு, அதிலிருந்து பீடிக்கு மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளும் என்றாள். மூன்றாவது தங்கை கல்யாணத்துக்குப் பிறகுதான் தன் கல்யாணம். "எங்களைக் கரை ஏத்திட்டுத்தான் உங்கம்மாவைக் கட்டுச்சு. உங்கம்மா அதுக்காக ஒரு நாளும் எங்களைக் குத்திக்காட்டுனதில்ல" என்றபோது அத்தையின் குரல் உடைந்துவிட்டது.

ரயில்வே கொடுக்கிற இலவசப் பாஸில் தங்கைகள் பெயர் வராது, கல்யாணம் ஆனவர்கள். அதனால் வருஷா வருஷம் ராமேஸ்வரம் போகும்போது எங்களுக்குப் பாஸ், அத்தைகளுக்கு டிக்கெட். எனக்கும் ஞாபகம் இருக்கிறது. பாம்பன் பாலத்தில் நாங்கள் எல்லாரும் கடலைப் பார்ப்போம், அப்பா வாசலில் நின்று குனிந்து தண்டவாளத்தைப் பார்ப்பார்.

நவம்பர் 19

இரவு மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொண்டு, விளக்கு எங்கே என்றார்.

நவம்பர் 23, சனி

இன்றைக்கு அப்பா காலைக் கஞ்சி குடிக்க மாட்டார். சின்ன வயதிலிருந்து எங்களுக்குத் தெரியும், கார்த்திகையில் இந்தத் தேதிக்கு ஒரு வேளை சாப்பிட மாட்டார். எதற்கு என்று அம்மாதான் சொல்லியிருக்கிறாள், அவர் சொன்னதில்லை.

1956 நவம்பர் 23 விடிகாலை. சென்னையிலிருந்து தூத்துக்குடி போன எக்ஸ்பிரஸ், அரியலூர் தாண்டி மருதையாற்றுப் பாலத்தில். இரவெல்லாம் மழை, வெள்ளம் பாலத்தை அரித்திருக்கிறது. எஞ்சினும் முன்பெட்டிகளும் ஆற்றுக்குள். 140 பேருக்கு மேல் செத்துப் போனார்கள். லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே மந்திரி பதவியை விட்டு விலகியது அதற்காகத்தான். பக்கத்து செக்‌ஷன்களிலிருந்து ஆட்களைக் கொண்டுபோனார்கள், அதில் இருபத்திரண்டு வயதுகூட ஆகாத அப்பாவும் ஒருவர். அங்கே என்ன பார்த்தார் என்று அறுபத்தெட்டு வருஷமாக ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இன்று சொன்னார். நான் கேட்கவில்லை. மாத்திரைக்காகத் தலையணையை உயர்த்தினேன், சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒரு பொம்பளைப் புள்ள. வளையல் ஒண்ணுகூட உடையல பாப்பா." அவ்வளவுதான். மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் அவர் மழைக்கால ராத்திரிகளில் அப்படி ஆனார் என்று அத்தை சொல்கிறாள். மழை பேட்ரோல், அதாவது மழை ராத்திரியில் பாதையைப் பார்த்துக்கொண்டே நடப்பது என்றால் மற்றவர்கள் சலித்துக்கொள்வார்கள், அப்பா தானாகக் கேட்டு வாங்குவாராம். விளக்கு, கொடி, சக்கரம் ஏறினால் வெடித்து டிரைவரை எச்சரிக்கிற டெட்டனேட்டர் டப்பா, பேட்ரோல் புத்தகம். எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் ஆளைப் பாதியில் சந்தித்துப் புத்தகத்தை மாற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். புத்தகம் மாறாவிட்டால் யாரோ ஒருவர் முழுத்தூரம் நடக்கவில்லை என்று அர்த்தம். அவர் கீமேன், தினமும் தண்டவாளத்தை நடந்து சோதிக்கிற ஆள், ஆனபிறகும் பெருமழை ராத்திரிகளில் டியூட்டி இல்லாமலேயே எழுந்து போய்ச் சின்னப் பாலத்தில் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்துவிட்டு நனைந்துபோய் வருவார். அம்மா திட்டிக்கொண்டே வெந்நீர் வைப்பாள். நாங்கள் பாயிலிருந்து தலையைத் தூக்கிப் பார்ப்போம், எங்கள் ஒவ்வொருவரையும் எண்ணுவது மாதிரி பார்த்துவிட்டுத்தான் தலை துவட்டுவார்.

மத்தியானம் ரசம் சாதம், இரண்டு வாய்.

நவம்பர் 25, திங்கள்

டாக்டர் தண்ணீர் அளவைக் குறைத்துவிட்டார். கஞ்சி, மோர், மாத்திரைக்குக் குடிக்கிறது எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு லிட்டர். நீர் பிரிய லாசிக்ஸ் மாத்திரை காலையில் இரண்டு. உள்ளே போவது எவ்வளவு, வெளியே வருவது எவ்வளவு என்று எழுதி வைக்கச் சொன்னார். பாட்டிலில் மார்க்கரால் கோடு போட்டிருக்கிறேன்.

வாங்குகிற மூச்சில் விசில் மாதிரி ஒரு சத்தம். ஆக்சிஜன் மெஷின் வாடகைக்கு வந்துவிட்டது.

நவம்பர் 27

வங்கக்கடலில் தாழ்வு மண்டலம். அப்பாவுக்குத் தெரியக்கூடாது என்று டிவியை அணைத்து வைத்தால், காற்று வாடைக்காற்றாகத் திரும்பிவிட்டது என்று அவரே சொல்கிறார்.

நவம்பர் 30, சனி, இரவு

புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்துகொண்டிருக்கிறது. பேர் ஃபெஞ்சல். சாயங்காலத்திலிருந்து கரண்ட் போய்ப் போய் வருகிறது. ஒவ்வொரு தடவை போகும்போதும் மெஷின் நீளமாக ஒரு விசில் அடித்து நிற்கிறது, நான் இருட்டில் தடவித் தடவி சிலிண்டருக்குக் குழாயை மாற்றுகிறேன், கரண்ட் வந்ததும் திரும்ப மாற்றுகிறேன். சிலிண்டரில் முள் பாதிக்குக் கீழே இருக்கிறது. அண்ணன் திருச்சியிலிருந்து காரில் கிளம்புகிறேன் என்றான், வேண்டாம், இந்த மழையில் வராதே என்று கத்திவிட்டேன்.

அப்பா தூங்கவில்லை. உதடு அசைந்துகொண்டே இருக்கிறது. சாமி பேரென்று நினைத்துக் காதைக் கொண்டுபோனேன். "நானூறுல ஒண்ணு. எண்ணூறுல மூணு." மறுபடி. நானூறுல ஒண்ணு. எண்ணூறுல மூணு.

பாதையில் ஆபத்து என்றால் அதுதான் முறை. சிவப்பைக் காட்டிக்கொண்டே ஓட வேண்டும். 400 மீட்டரில் தண்டவாளத்தில் ஒரு டெட்டனேட்டர், 800 மீட்டரில் பத்து மீட்டர் விட்டுவிட்டு மூன்று. மீட்டர் கேஜ் காலத்துக் கணக்கு இது. அவர் ஓய்வு பெற்ற பிறகுதான் அகலப்பாதை வந்தது, அதற்கு 600, 1200. அவருக்கு அதுவும் தெரியும். அவர் ஓடுவது பழைய பாதையில்.

டிசம்பர் 1, ஞாயிறு

மழை. கரண்ட் இருக்கிறது. மயிலத்தில் 50 சென்டிமீட்டரை ஒட்டிப் பெய்திருக்கிறதாம், ஒரே நாளில்.

இன்றிலிருந்து நாற்பது சதவீதம். எண்பதுக்கு 20, எண்பத்தைந்துக்கு 30, தொண்ணூறு ஆனால் அடிப்படைப் பென்ஷனில் 40 சதவீதம் கூடுதல், பிறந்தநாள் வரும் மாதத்தின் முதல் தேதியிலிருந்தே. சர்வீஸ் ரிஜிஸ்டரில் பிறந்த தேதி 10.12.1934. இதற்காகத்தான் இந்த வருஷம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தோன்றும். பணம் வந்துவிட்டதா என்று கேட்டார், மாதக் கடைசியில் வரும்ப்பா என்றேன். "வந்ததும் சின்னவ பீஸைக் கட்டிடு. வட்டிக்கு எதுவும் வாங்காத."

டிசம்பர் 2, திங்கள்

காலையில் நெடுநேரம் ஒரு வண்டிச் சத்தமும் இல்லை. எங்கள் வீட்டில் கடிகாரம் தேவைப்பட்டதே இல்லை, அதனால் எனக்கே ஏதோ காது அடைத்த மாதிரி இருந்தது. அப்பா அரை மயக்கத்தில் இருந்தவர் கண்ணைத் திறந்து, "ஏன் வண்டி வரல?" என்றார்.

மறைக்கலாம் என்றுதான் நினைத்தேன். அவர் கண்ணைப் பார்த்தால் மறைக்க முடியவில்லை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் பாலத்தில் தண்ணீர் அபாயக் கோட்டைத் தாண்டிவிட்டது, வண்டிகளை நிறுத்திவிட்டார்கள், சிலதை ரத்து செய்துவிட்டார்கள், சிலது காட்பாடி வழியாகப் போகிறது என்று போனில் இருந்ததை அப்படியே படித்தேன். சாத்தனூர் அணையிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக 1,68,000 கன அடி திறந்ததும், தென்பெண்ணைக் கரை ஊர்களெல்லாம் தண்ணீரில் இருப்பதும், திருவண்ணாமலையில் மண் சரிந்து வீட்டோடு குழந்தைகள் புதைந்ததும் சொல்லவில்லை. அதை என்னாலேயே படிக்க முடியவில்லை.

"யாரு பாத்தது?"

தெரியலப்பா. யாரோ டியூட்டியில் இருந்திருப்பார்கள்.

"கோட்டைத் தாண்டுனதும் நிறுத்திட்டாங்களா? வண்டி ஏறுறதுக்கு முன்னாடியா?"

முன்னாடிதான்ப்பா. ஒருத்தருக்கும் ஒன்றும் இல்லை.

"ஆள் யாரும்..."

யாரும் இல்லைப்பா.

வாயைக் கோணிக்கொண்டு அழுதார். அம்மா போனபோதுகூட இப்படி அழுது நான் பார்த்ததில்லை. தொண்ணூறு வயதுக் கண்ணீர் எவ்வளவு சூடாக இருக்கிறது. நான் அவர் தலையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன், சின்ன அத்தை கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் தூங்கினார். மத்தியான மாத்திரைக்குக்கூட எழுப்பவில்லை.

டிசம்பர் 3

மணிமுத்தாற்றில் தண்ணீர் இரு கரையும் தொட்டு ஓடுகிறது. நிதானமாக ஒரு வண்டி போனது, பிறகு இன்னொன்று.

டிசம்பர் 6, வெள்ளி

வாரிசுச் சான்றுக்காகத் தகரப் பெட்டியைக் கொட்டித் தேடினேன். அதில் 1974 மே மாதத்து மளிகைக் கடன் சீட்டு. மே 8-இலிருந்து 27 வரை நாடு முழுக்க ஸ்டிரைக். அப்பா பத்து நாளுக்கு மேல் பெண்ணாடத்தில் அத்தை வீட்டுச் சோளக்கொல்லையில் இருந்தார், போலீஸ் வந்து கேட்டால் ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொல்லும்படி அம்மா எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அம்மாவின் தோடு அப்போது போனது. அதைத் திரும்ப வாங்கிக்கொடுக்க அப்பாவுக்கு ஆறேழு வருஷம் ஆயிற்று, வாங்கிய அன்றைக்குத் தானே மாட்டிவிட்டார், அம்மாவுக்கு வெட்கம் தாங்கவில்லை.

சீட்டில் ஒவ்வொரு வரியும் அடிக்கப்பட்டிருக்கிறது. கடைசிப் பைசா வரைக்கும்.

எனக்குத் தேவையான தாள் கிடைக்கவில்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி பேசுகிறார்கள். நல்ல சாவுதான், கொடுத்து வைத்தவர், பேரன் பேத்தி எடுத்தாச்சு, இனி என்ன. அவர் காதில் விழுகிற தூரத்தில் நின்றுகொண்டு! தொண்ணூறு வயது என்றால் போதும் என்று அர்த்தமா? எனக்குப் போதவில்லை. அவருக்கும் போதவில்லை, நேற்றுகூட மாவடு போட்டாச்சா என்று கேட்டார், மார்கழியே வரவில்லை, அவர் மாசியை நினைத்துக் கேட்கிறார். இனி யாராவது அப்படிப் பேசினால் வாசலோடு அனுப்பிவிடப் போகிறேன்.

அண்ணி கொளஞ்சியப்பர் கோவிலில் பிராது கட்டிவிட்டு வந்தாள். தாளில் என்ன எழுதினாய் என்று கேட்டேன். மாமா எழுந்து உட்கார வேண்டும், நாத்தனார் பேர் பென்ஷனில் ஏற வேண்டும், இரண்டும் எழுதினேன் என்றாள்.

டிசம்பர் 10, செவ்வாய்

ரிஜிஸ்டர்படி தொண்ணூறு. நிஜமாகப் பிறந்தது ஏதோ ஓர் ஆடியில் என்று ஆயா சொல்வாள். அண்ணன், தம்பி, பிள்ளைகள் எல்லாரும் வந்துவிட்டார்கள், வீட்டில் கால் வைக்க இடமில்லை. ரவா கேசரி, அவருக்கு ஒரு ஸ்பூன். ஒவ்வொருவராகக் கையைப் பிடித்துப் பேர் சொன்னார். தம்பியின் கடைக்குட்டியின் பேர் மட்டும் வரவில்லை, அவளை விடவும் இல்லை, பேர் வருகிற வரைக்கும் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். வந்தது.

மூச்சு நேற்றைவிடக் கஷ்டம். சிறுநீர் 400 மில்லிதான்.

டிசம்பர் 11

மறுபடி மழை என்கிறார்கள். சிலிண்டர் இரண்டாகச் சொல்லியிருக்கிறேன். வாரிசுச் சான்று கையெழுத்தாகிவிட்டதாம், நாளைக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள், அண்ணன் பக்கத்தில் இருப்பதாகச் சொல்கிறான், அதனால் காலையிலேயே போய்விட்டு வந்துவிடலாம், போட்டோ இரண்டு காப்பி எடுத்து வைத்துவிட்டேன், அப்பாவிடம் காட்டினேன், சிரிப்பு போதாது என்று