மரம் எங்க போவப்போவுது: கீரிப்பாறைப் பக்கம் படம் எடுத்துப் பழகிய கதை

போன ஏப்ரலில் ஒரு செகண்ட் ஹேண்ட் நிக்கான் டி5300 கேமரா வாங்கினேன். கூடவே 18-55 கிட் லென்ஸ். அன்றிலிருந்து இந்த மார்ச் வரை கன்னியாகுமரி மாவட்டத்து மலையடிவாரமான கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் 19 தடவை போய் வந்திருக்கிறேன். எடுத்தது 2,600 படத்துக்கு மேல். அழிக்காமல் வைத்திருப்பது 41. அதிலும் சுவரில் மாட்டலாம் என்று தோன்றுவது ஆறோ ஏழோ. குறைவுதான். ஆனால் முதல் இரண்டு மாதத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை என்பதால் எனக்கு இது பெரிய கணக்கு.

ஆசை என்னவோ ஒன்றே ஒன்றுதான். மரங்களுக்கு நடுவே வெயில் கோடு கோடாக இறங்குமே, அந்தப் படம். காணொளிகளில் பார்த்தால் யாரோ ஒருவர் அதிகாலையில் எழுந்து நடந்து போகிறார், கோடுகள் அவருக்காகவே காத்திருக்கின்றன. நானும் நாலரைக்கு எழுந்து நாகர்கோவிலில் இருந்து பைக்கை எடுத்து, பூதப்பாண்டி, திட்டுவிளை, தடிக்காரன்கோணம் எல்லாம் தாண்டிப் போய் நின்றால், கீரிப்பாறையில் ஒரே நிழல். கிழக்கே மலை மறைக்கிறது. சூரியன் மலையைத் தாண்டி எட்டிப் பார்ப்பதற்குள் மணி எட்டை நெருங்குகிறது. அப்போது விழுவது இளவெயில் இல்லை, சுள்ளென்ற வெயில்.

இதில் நம் ஊரின் இருப்பிடத்துக்கும் பங்கு உண்டு என்று பிறகுதான் உறைத்தது. காணொளிக்காரர்கள் பலர் ஐரோப்பாவில் இருக்கிறார்கள். அங்கே சூரியன் சாய்வாக எழும்பும், பொன் வெயில் வெகு நேரம் தங்கும். நாம் இருப்பது பூமத்திய ரேகையில் இருந்து எட்டே டிகிரி வடக்கே. ஏப்ரலில் சூரியன் நட்டுக்குத்தலாக ஏறும், மணிக்குக் கிட்டத்தட்ட 15 டிகிரி. அந்த மஞ்சள் வெளிச்சம் அரை மணி நேரம் தாங்கினால் பெரிது. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் உச்சி வேளையில் சூரியன் நேர் தலைக்கு மேலேயே வந்துவிடும், நிற்கிறவன் நிழல் காலடிக்குள் போய்விடும். சரியாக அந்த வாரத்தில்தான் நான் தொடங்கியிருக்கிறேன்.

அந்த மாதப் படங்களை இப்போது திறந்து பார்த்தால் சிரிப்பு வருகிறது. கரி பூசின மாதிரி மரங்கள், நடுநடுவே வெள்ளை ஓட்டைகள். அடர்ந்த மழைக்காட்டில் உச்சியில் விழும் ஒளியில் தரைக்கு வந்து சேர்வது நூற்றில் ஒன்றோ இரண்டோ பங்குதான். வெயில் பட்ட இலைக்கும் பக்கத்தில் நிழலில் இருக்கும் இலைக்கும் ஐந்தாறு ஸ்டாப் வித்தியாசம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு). கண் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துச் சமாளித்துக்கொள்ளும். கேமராவோ மொத்தத்துக்கும் ஒரு சராசரி போட்டு, ‘இருட்டாக இருக்கிறதே’ என்று வெளிச்சத்தைக் கூட்டும். வெயில் பட்ட இடமெல்லாம் வெளுத்துப்போகும். வெளுத்தது வெளுத்ததுதான், எந்த மென்பொருளிலும் திரும்ப வராது. இப்போது சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில், கேமரா சொல்வதைவிட ஒரு ஸ்டாப் குறைத்து, அதாவது மைனஸ் ஒன்று வைத்து எடுக்கிறேன். ஹிஸ்டோகிராம், அதாவது கேமரா காட்டும் வெளிச்ச வரைபடம், வலது ஓரத்தில் முட்டாமல் இருந்தால் போதும். இருட்டை வீட்டில் வந்து தூக்கிக்கொள்ளலாம்.

அந்த நாட்களில்தான் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற ஒரு அண்ணனைப் பார்த்தேன். ரப்பர் தோட்டத்தின் ஓரமாக நான் இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருந்தேன். அவர் தலையில் விளக்கோடு விடியும் முன்பே வந்து பாதி வரிசையை முடித்திருந்தார். குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “மக்ளே, மரத்தையா படம் எடுக்குத?” ஆமாம் என்றேன். “அதுக்கு ஏன் இந்த ஓட்டம் ஓடுத? மரம் எங்க போவப்போவுது, ஒரு இடத்துல நின்னு எடு.”

கிண்டலுக்குத்தான் சொன்னார். அதன் அர்த்தம் எனக்குப் புரிய செப்டம்பர் ஆகிவிட்டது.

அதற்கு முன், ஜூனில் இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை தொடங்கி, மூன்று வாரம் சூரியனையே காணோம். படம் எடுக்க இது ஆகாத காலம் என்று நினைத்து வீட்டிலேயே இருந்தேன். ஒரு நாள் சும்மா போனபோது சாரல் விட்டு வானம் மூடிக் கிடந்தது. அன்று எடுத்த நாற்பது படத்தில் பதினொன்று தேறியது! மேகமே பெரிய வெள்ளைத் துணியாக மேலே விரிந்திருந்தது. நிழலும் இல்லை, ஓட்டையும் இல்லை. நனைந்த பட்டையில் பாசியின் பச்சை, வேரில் ஒட்டிய காளானின் பழுப்பு எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன. காட்டுக்குள் படம் எடுக்க வெயில் வேண்டும் என்று எனக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை, நானாக நினைத்துக்கொண்டது.

ஒரே குறை, ஈர இலையெல்லாம் கண்ணாடி மாதிரி வெள்ளையாகப் பளபளத்தது. அதற்குத்தான் லென்ஸின் முன்னால் மாட்டும் போலரைசர் ஃபில்டர். வானத்தை நீலமாக்குவதற்கு மட்டும் என்று பலரும் நினைப்பார்கள், நானும் அப்படித்தான். உண்மையில் மழை நாள் காட்டில்தான் அதற்கு வேலை அதிகம். வளையத்தை மெல்லத் திருப்பினால் இலை மேல் இருக்கும் வெள்ளைப் பூச்சு அப்படியே வழிந்து போய், அடியில் இருக்கும் பச்சை மேலே வரும். முதல் தடவை அதை வ்யூஃபைண்டரில் பார்த்தபோது நாலைந்து முறை வேண்டுமென்றே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். (இதற்கு முன் 52 எம்எம் ஃபில்டர் வாங்கி ஏமாந்தது தனிக்கதை. என் லென்ஸுக்கு 55. மூடியின் உள்பக்கத்திலேயே எழுதியிருக்கிறது, பார்க்கவில்லை.)

ஃபில்டர் சும்மா வேலை செய்யாது, ஒன்றரை, இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்றுவிடும். லென்ஸ் துளை எஃப் 8, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 400 என்று வைத்தால் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் எட்டில் ஒரு வினாடிக்குப் போய்விடுகிறது. டிரைபாட் இல்லாமல் முடியாது. டிரைபாட் இருந்தாலும் இலை ஆடினால் போச்சு. ஜூனில் இருந்து செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக அடிக்கிற காற்று, முப்பந்தல் காற்றாலைகளுக்குக் கொண்டாட்டம், எனக்குத் திண்டாட்டம். ஒரு பெரணிச் செடி அடங்குவதற்காக இருபது நிமிடம் குத்தவைத்துக் காத்திருந்திருக்கிறேன். அதற்குள் கணுக்காலில் மூன்று அட்டை. இப்போது உப்பைத் துணியில் முடிந்து எடுத்துப் போகிறேன்.

நிறம் ஒரு தலைவலி. இலைகளைத் தாண்டி வரும் வெளிச்சமே பச்சையாகத்தான் வரும். ஒயிட் பேலன்ஸ் என்கிற நிறச் சமன்பாட்டை ஆட்டோவில் விட்டால் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு மாதிரி அதைச் சரிசெய்யப் பார்க்கும். ஒரே மரம், அடுத்தடுத்து எடுத்த நாலு படம், நாலு நிறம். மேகமூட்டத்துக்கான ‘கிளவுடி’ என்று நிலையாக வைத்துவிட்டு, மிச்சப் பச்சையை வீட்டில் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன். முழுதாக எடுத்துவிட்டால் காடு காடாக இல்லாமல் பூங்கா மாதிரி ஆகிவிடுகிறது.

அப்புறம் செப்டம்பரில் ஒரு நாள், காளிகேசம் போகும் வழியில் ஒரு பெரிய மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். தரையில் வெயில் வட்டங்கள். சின்ன வயதில் இருந்து பார்ப்பதுதான், ஆனால் மேலே இலை இடுக்குகள் ஒன்றுகூட வட்டமாக இல்லையே, கீழே விழுவது மட்டும் ஏன் வட்டம்? யோசித்தபோது 2010-ஆம் ஆண்டு ஜனவரி 15 நினைவுக்கு வந்தது. பொங்கலுக்கு மறுநாள், நம் மாவட்டத்தில் கங்கண சூரிய கிரகணம். மதியம் ஒன்றேகால் வாக்கில் எங்கள் வீட்டு மாமரத்தடி முழுக்க வளையல் வளையலாக வெயில் விழுந்தது. அன்று அது கிரகணத்தின் மாயம் என்று நினைத்தேன். மாயம் இல்லை. ஒவ்வொரு சின்ன இடுக்கும் ஒரு ஊசித்துளைக் கேமரா. தரையில் விழும் ஒவ்வொரு வட்டமும் சூரியனின் படம். அன்றைக்குச் சூரியன் வளையமாக இருந்ததால் படமும் வளையமாக விழுந்தது.

கணக்கும் சுலபம். வட்டத்தின் அகலம், இடுக்கின் தூரத்தில் ஏறக்குறைய 108-இல் ஒரு பங்கு. இருபது மீட்டர் மேலிருந்து வந்தால் சுமார் 18 சென்டிமீட்டர். சாண் வைத்துப் பார்த்தேன், சாணுக்குக் கொஞ்சம் குறைவு. வானத்தில் சூரியன் தன் அகலத்தைக் கடக்க இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்கிறது. அதனால் தரையில் இருக்கும் வட்டமும் இரண்டு நிமிடத்தில் ஒரு வட்டம் தள்ளிப் போகும். காலையில் சூரியன் மேலே ஏற ஏற, மேற்கே விழுந்த வட்டம் மரத்தடியை நோக்கி வரும்.

அண்ணன் சொன்னது அங்கேதான் விளங்கியது. மரம் எங்கும் போகாது, வெயில்தான் போகும். நான் வெயிலைத் துரத்தி ஓட வேண்டியதில்லை. அது வரப்போகும் இடத்தில் முன்கூட்டியே உட்கார்ந்தால் போதும். ஒரு வட்டத்தைக் குறித்துக்கொண்டு, அதன் பாதையில் இருந்த ஒரு இளம் பெரணிச் சுருளுக்கு முன் டிரைபாடைப் போட்டேன். வெளிச்சத்தை வட்டத்தின் மேல், சின்னப் புள்ளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரில் அளந்து வைத்தாயிற்று. ஏழு நிமிடத்தில் வந்தது. முதலில் சுருளின் ஓரத்தில் இருந்த பொடி ரோமங்கள் பற்றிக்கொண்டன, அப்புறம் சுருள் முழுக்க. பின்னால் எல்லாம் இருட்டு. ஒன்றரை நிமிடம் இருந்துவிட்டு நகர்ந்துவிட்டது. அந்த 41-இல் எனக்குப் பிடித்தது அதுதான்.

கோடு கோடான வெயிலும் கடைசியில் கிடைத்தது, ஆனால் காட்டில் இல்லை. ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில், அதே ரப்பர் தோட்டத்தில் உறைந்த பால் ஷீட்டை உலர்த்தும் புகைக்கூட்டில் இருந்து புகை கசிந்து மரங்களுக்கு நடுவே படுத்துக் கிடந்தது. அதற்குள் வெயில் இறங்கியதும் கோடுகள். கற்றை தெரிய வேண்டுமென்றால் நடுவில் புகையோ மஞ்சோ இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒளி யாருக்கும் தெரியாமல் கடந்துபோகும். இன்னொன்றும் பார்த்தேன். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து நின்றால் கோடு மங்கல், சூரியன் இருக்கும் பக்கமாகத் திரும்பினால் பளிச். துகள்கள் ஒளியை முன்பக்கமாகத்தான் அதிகம் சிதறடிக்கின்றன. சூரியனை மட்டும் ஒரு அடிமரத்துக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

ஜனவரியில் ரப்பர் இலை கொட்டியது. சருகு மிதித்துப் போகும் சத்தமே தனி. பிப்ரவரியில் செம்பு நிறத் தளிர். இலை இல்லாதபோதுதான் வெட்டுக் கோடுகள் கண்ணில் பட்டன. எல்லா மரத்திலும் இடமேல் இருந்து வலக்கீழாக ஒரே சாய்வு, அடியில் சிரட்டை, வரிசை வரிசையாக. நூறு தடவை கடந்து போன தோட்டம்.

புகைக் கோடுகளுக்கு நடுவே அந்த அண்ணன் சிரட்டையில் இருந்து பாலை வாளியில் ஊற்றுகிற ஒரு படமும் எடுத்திருந்தேன். அவரைக் கேட்டுத்தான் எடுத்தேன். முகத்தின் ஒரு ஓரத்தில் மட்டும் வெளிச்சம், மீதி நிழல். எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. போன வாரம் எட்டுக்குப் பன்னிரண்டில் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கையை லுங்கியில் துடைத்துவிட்டு வாங்கினார், கொஞ்ச நேரம் பார்த்தார், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு மக்ளே. ஆனா என் மூஞ்சிய காணல்லியே. என்ன நல்ல வெயில்ல நிப்பாட்டி எடுத்திருக்கலாம்லா?”

அடுத்த ஞாயிறு மதியம் பன்னிரண்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நிற்பாராம். வெள்ளைச் சட்டை, உச்சி வெயில்! மைனஸ் ஒன்று போதாது, மைனஸ் ஒன்றரையாவது வேண்டியிருக்கும்.