கோத்தகிரி ஈரத்தில் கிடந்த லேப்டாப்பில் லினக்ஸ் ஏற்றியது

ஐப்பசி, கார்த்திகை அடைமழை முழுக்கப் பீரோவில் கிடந்த பத்து வருஷ லேப்டாப் அது. விண்டோஸ் 10-இன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. அதன் பிராசசருக்கு விண்டோஸ் 11 ஏறாது. வன்பொருளில் பழுதில்லாததைக் குப்பையில் போட மனம் வரவில்லை; விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட முடிவு செய்தோம்.

கோத்தகிரிக் குளிரில் கிடந்ததை எடுத்தவுடன் ஆன் செய்யக் கூடாது. கதகதப்பான அறைக்கு வந்ததும் போர்டில் நீர் கோத்துக்கொள்ளும். பேட்டரியைக் கழற்றி ஒரு நாள் காயவிட்டோம். அடுப்போரம் வேண்டாம், பிளாஸ்டிக் வளையும்.

ஆன் செய்ததும் ஃபேன் சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது. மலையில் இப்படியானால் முதலில் ராமைத்தான் (நினைவகப் பலகையை) பார்க்க வேண்டும். ஈரத்தில் அதன் பொன்னிறப் பற்களில் மெல்லிய அழுக்குப் படிந்து தொடர்பு விட்டுப்போகும். பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் இரு பக்கமும் மெல்லத் தேய்த்து, துகளை ஊதாமல் பிரஷ்ஷால் தட்டி (வாய்க்காற்றிலும் ஈரம் உண்டு), சாய்வாகச் செருகி, இரண்டு கொக்கியும் 'டிக்' என்று பிடிக்கும்வரை அழுத்தினோம். திரை வந்துவிட்டது.

இருந்த ராம் 4 ஜிபி. இன்னொரு 4 சேர்த்தோம். பழைய ராமின் ஸ்டிக்கரில் பிசி3எல் என்று வகை போட்டிருந்தால் அதுவே வேண்டும்: அது 1.35 வோல்ட். 1.5 வோல்ட் பிசி3-ஐச் சில போர்டுகள் ஏற்காது. ஆனாலும் வேகம் கூடியது ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு 240 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத சேமிப்பகம்) போட்டதில்தான். கையில் காசு ஒன்றுக்குத்தான் என்றால் எஸ்எஸ்டி வாங்குங்கள். பழைய டிஸ்க் 9.5 மி.மீ. தடிமன், புதியது 7. இடைவெளியை அடைக்கும் ஸ்பேசர் வைக்காவிட்டால் ஆடும். பழைய டிஸ்க்கை அப்படியே வைத்திருங்கள், படங்களும் கோப்புகளும் அதில்தான்.

போட்டது லினக்ஸ் மின்ட், பழைய கணினிக்கு ஏற்ற இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. அதை நிறுவ இறக்க வேண்டிய ஐஎஸ்ஓ கோப்பு ஏறக்குறைய 3 ஜிபி. சிக்னல் விட்டுவிட்டு வரும் ஊரில் கோப்பு பாதியில் கெடும். கோப்பு சரியாக இறங்கியதா என்று காட்டும் எஸ்ஹெச்ஏ256 எண்ணைத் தளத்தில் உள்ளதோடு ஒப்பிடாமல் பென் டிரைவில் எழுதாதீர்கள். நிறுவுமுன் லைவ் முறையில் (பென் டிரைவிலிருந்தே ஓட்டி) ஒலி, வைஃபை, டச்பேடு மூன்றையும் சோதியுங்கள். எங்களுக்கு வைஃபை வரவில்லை; பிராட்காம் சிப். போனின் இணையத்தை யுஎஸ்பி கேபிள் வழியே (டெதரிங்) கொடுத்து, டிரைவர் மேனேஜரில் அந்தச் சிப்புக்கான டிரைவரை இறக்கியதும் சரியானது.

பிரவுசரில் எந்தத் தளமும் சான்றிதழ் பிழை காட்டித் திறக்க மறுத்தால் கடிகாரத்தைப் பாருங்கள். கடிகாரத்தை ஓடவைக்கும் போர்டின் சிறு பேட்டரியான பயாஸ் செல் செத்துத் தேதி பல வருஷம் பின்னால் போயிருக்கும். பெரும்பாலும் சிஆர்2032 தான். வயரோடு வரும் மாடலும் உண்டு.

தமிழ்த் தட்டச்சுக்கு ஐபஸ்-எம்17என் என்ற மென்பொருளை நிறுவி, தமிழ்99 விசைப்பலகையைத் தேர்ந்தோம். மழை நாளில் இப்போது தினம் அரை மணியாவது ஓடவிடுகிறோம், அந்தச் சூட்டில் உள்ளே ஈரம் தங்காது.