அக்காவுக்கு இருந்தது இரண்டு தலைவலி

அக்காவுக்குப் பல வருடமாகத் தலைவலி. ரங்கூனில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் "தலையில நீர் கோத்திருக்கு" என்பார்கள். ஒரு கிளினிக்கில் சைனஸ் என்று ஆன்டிபயாடிக்கே கொடுத்துவிட்டார்கள். சளி, மூக்கடைப்பு, காய்ச்சல் எதுவும் இல்லாதவளுக்கு அது எதற்கு? எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்புறம் பார்த்த பர்மியப் பெண் டாக்டர் ஸ்கேன் எழுதவில்லை. பிரஷர் பார்த்தார், கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், நிறையக் கேள்வி கேட்டார். இடி விழுந்த மாதிரி திடீரென வந்த வலியா, காய்ச்சலோடு கழுத்து விறைத்ததா, கை கால் பலம் குறைந்ததா, 50 வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பித்ததா? இப்படி ஏதாவது இருந்தால் உடனே பரிசோதிக்க வேண்டுமாம். அக்காவுக்கு எதுவும் இல்லை. ஒரு மாதம் நோட்டில் எழுதி வரச் சொன்னார்: எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம், தெறிக்கிறதா அழுத்துகிறதா, வாந்தி உண்டா, என்ன மாத்திரை, மாதவிலக்கு என்றைக்கு.

அந்த நோட்டுதான் எல்லாவற்றையும் பிரித்துக் காட்டியது. மாதவிலக்கை ஒட்டி ஒரு பக்கமாக விண் விண்ணென்று தெறித்து, வெளிச்சமும் சத்தமும் ஆகாமல், குமட்டலோடு நாள் முழுக்கப் படுக்கவைப்பது மைக்ரேன். 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை நீடிக்கும். மற்ற நாட்களில் இரு பக்கமும் பட்டை கட்டி இறுக்கினாற்போல் வருவது டென்ஷன் தலைவலி. அதோடு அவள் சமைப்பாள், கடைக்கும் போவாள்.

மூன்றாவதாக ஒன்றும் தெரிந்தது. மருந்துக்கடையில் வாங்கிய, பல மருந்து சேர்ந்த கலவை வலி மாத்திரையை அடிக்கடி போட்டிருந்தாள். அதை மாதம் 10 நாளோ, வெறும் பாரசிட்டமாலை 15 நாளோ, 3 மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் மாத்திரையே தலைவலியை வளர்த்துவிடுமாம். நிறுத்தியதும் முதலில் வலி கூடியது. கரண்ட் இல்லாத அந்தப் புழுக்கத்தில் அவள் பட்ட பாட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை.

தடுப்பு மருந்தாக ப்ரொப்ரனோலால் தரலாமென்று யோசித்த டாக்டர், ஆஸ்துமா இருப்பதைக் கேட்டதும் வேண்டாமென்றுவிட்டார். அதனால் இரவில் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம். இரண்டு தலைவலிக்கும் அது உதவும். வாய் உலர்ந்தது, காலையில் தூக்கம் சொக்கியது. பலன் தெரியச் சில வாரம் ஆனது. மைக்ரேன் தலைகாட்டியதும் தாமதிக்காமல் நாப்ரொக்சன் என்ற வலி மாத்திரையும் வாந்திக்கான மாத்திரையும் போடச் சொன்னார். அக்காவுக்கு ஆஸ்பிரின் வகை மாத்திரைகளால் மூச்சிரைப்பு வந்ததுண்டா என்று கேட்டுக்கொண்டுதான் அதையும் எழுதினார்.

இப்போதும் மாதவிலக்குச் சமயத்தில் வருகிறது, ஆனால் அரை நாளிலேயே எழுந்துவிடுகிறாள். இப்படியே சில மாதம் போனால் இரவு மாத்திரையை மெல்லக் குறைத்துப் பார்க்கலாமாம்.