ஒற்றை விரலில் நிற்க மறுக்கும் கங்காரு

மூன்றாவது வாரம் ஓடுகிறது. பொம்மை இன்னும் தானாக நிற்கவில்லை.

செய்வது புரோகாப்டோடான் கோலியா. சுமார் 45,000 ஆண்டுகளுக்கு முன் ஆஸ்திரேலியாவில் அழிந்துபோன குட்டைமுகக் கங்காருக்களில் இதுதான் பெரியது. 2 மீட்டர் உயரம், சுமார் 230 கிலோ உடம்பு. நான் எடுத்துக்கொண்டது பத்தில் ஒரு பங்கு: 20 சென்டிமீட்டர். உள்ளே அலுமினியக் கம்பி, மேலே காற்றில் காயும் களிமண்.

முதல் வாரம் முழுக்க வீண். கை தன்போக்கில் செஞ்சிவப்புக் கங்காருவையே பிடித்து வைத்துவிட்டது. நீள மூக்கு, மார்போடு ஒட்டிய சின்னக் கைகள். தலையை அப்படியே பிய்த்துப் போட்டேன். இதன் முகம் குட்டை, தாடை ஆழம். உப்புப்புதர் இலை மாதிரி முரட்டுத் தழையை மெல்வதற்கு அந்தத் தாடை வேண்டும்தானே. கைகளும் வேறு மாதிரி. தலைக்கு மேலே தூக்கிக் கிளையை இழுக்கும் நீளம். இரண்டு விரல்கள் மட்டும் நீண்டு, நுனியில் கொக்கி நகம். குண்டூசியை வளைத்து நகம் செய்தேன். அது ஒன்றுதான் முதல் முயற்சியிலேயே சரியாக வந்தது.

தொல்லையெல்லாம் பாதத்தில். பின்னங்காலுக்கு ஒரே ஒரு பெரிய விரல், கிட்டத்தட்டக் குளம்பு. இன்றைய கங்காரு மெதுவாக நகரும்போது வாலை ஐந்தாவது காலாக ஊன்றும். நானும் வாலைத் தரையில் ஊன்றி நிறுத்தினேன், நின்றது. அப்புறம்தான் தொல்லுயிர் ஆய்வாளர் கிறிஸ்டின் ஜானிஸ் குழுவினர் 2014இல் சொன்னது நினைவுக்கு வந்தது: இந்தக் குட்டைமுகக் கூட்டம் மெதுவாகப் போகும்போது நிமிர்ந்து, ஒவ்வொரு காலாக எடுத்துவைத்து நடந்திருக்கலாம். இடுப்பெலும்பு அகலம், மூட்டுகள் பருமன், ஒற்றைக் காலில் எடை தாங்கத் தோதானவை. சரி, வாலைத் தூக்கினேன். தொப்பென்று முகங்குப்புற விழுந்து இடது கணுக்கால் விரிசல்.

இப்போது இடுப்பைப் பிரித்து அகலமாக்கி, தொடைக்கு இரட்டைக் கம்பி முறுக்கியிருக்கிறேன். தராசில் 310 கிராம். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தில் ஒன்று என்பதால் கணக்குப்படி எடை ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 230தான் வரவேண்டும். மார்பிலிருந்து களிமண்ணைச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன். நேற்று ராத்திரி வால் தரை தொடாமல் நாலு விநாடி நின்றது.